என் சகலை கட்டாத தங்க வாட்ச்

என் சகலை துபாயிலிருந்து கொண்டுவந்த தங்க வாட்சை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு மனதாரச் சந்தோஷமாக இருந்தது. அவ்வளவு மட்டமாக இருந்தது அது.

தொண்ணூறுகளின் கடைசி. லெப்பைக்குடிக்காட்டில் என் மாமனார் வீட்டு ஹாலில் பெட்டி பிரிக்கும் வைபவம். எங்கள் பக்கத்தில் வளைகுடாவுக்குப் பிழைக்கப் போனவரைச் சபுராளி என்போம். சபுராளி விடுப்பில் வந்தால் மறுநாள் சாயங்காலம் குடும்பம் மொத்தமும் பாய் விரித்து உட்கார்ந்த பிறகுதான் பெட்டியின் பூட்டு திறக்கும். அறைக்குள் தனியாகத் திறந்தால் போச்சு, எதையோ ஒளித்துவிட்டார்கள் என்று மூன்று தலைமுறைக்குப் பேசுவார்கள்.

பெட்டியிலிருந்து வெளியே வரும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கமெண்ட் அடிப்பது என் உத்தியோகம். யாரும் நியமிக்கவில்லை. நானே சேர்ந்துகொண்டேன். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு எலக்ட்ரிகல் கடை வைத்திருந்த எனக்குப் பாஸ்போர்ட் கூடக் கிடையாது. மூத்த மருமகன் என்ற பட்டமும் வாயும்தான் அந்த வீட்டில் என் சொத்து. சென்ட் பாட்டில் வெளியே வந்தால், "இதை அடிச்சுக்கிட்டு வெள்ளாத்துப் பக்கம் போயிடாத தம்பி, கொக்கெல்லாம் மயங்கி விழுந்துடும்" என்பேன். மாமனார் தாடிக்குள் சிரிப்பார். மாமியார் "சும்மாருங்க மாப்ள" என்பார். என் மனைவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, சத்தமே வராமல், தோள் மட்டும் குலுங்கச் சிரிப்பாள். அந்தத் தோள் குலுங்குவதைப் பார்க்கத்தான் நான் கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறி வருவதே. கல்யாணமான நாளிலிருந்து எனக்கு அது ஒன்றுதான் லாபக் கணக்கு.

சகலை என் மனைவியின் தங்கச்சியைக் கட்டியவன். துபாயில் ஒரு வயதான அரபி வீட்டில் டிரைவர். நல்ல உயரம், நல்ல நிறம், ஆனால் மூன்று வார்த்தை பேசினால் நாலாவது வார்த்தைக்கு வியர்த்துவிடும். இப்படி ஒரு சகலை வாய்ப்பது என்னைப் போன்றவனுக்குப் பெரிய பாக்கியம். நான் பேச, அவன் கேட்க, குடும்பம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அன்றைக்குப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு காலுறையை எடுத்தான். காலுறைக்குள் ஒரு துணி. துணிக்குள் அந்த வாட்ச். எங்கள் ஊரில் துபாய் வாட்ச் என்றால் ஒரு இலக்கணம் உண்டு. தூரத்திலிருந்து பார்த்தால் கண் கூச வேண்டும், அரை டஜன் பொத்தான் இருக்க வேண்டும், கையைத் தூக்கினால் தோள்பட்டை வலிக்க வேண்டும். இதுவோ ஒரு மேரி பிஸ்கட்டைவிடச் சின்னது, அதைவிட ஒல்லி. பழுப்பேறிய தோல் பட்டை. தேதி கிடையாது, எண்கள் கூடக் கிடையாது.

"என்ன தம்பி, அவசரத்துல அரபி வூட்டுப் பாப்பா வாச்சை மாத்தி எடுத்துக்கிட்டு வந்துட்டியா?" என்றேன்.

ஹாலே அதிர்ந்தது. என் மனைவியின் தோள் குலுங்கியது. நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு நீண்ட வறட்சி.

ஏனென்றால் சகலை வாயைத் திறந்தான்.

"இல்லண்ணே, இது ஆம்பள வாச்சுதான். அந்தக் காலத்துல ஆம்பளைங்க கட்டுன வாச்சே இந்த அளவுதான். சட்டைக் கைக்குள்ள போயி ஒளிஞ்சுக்கணும். வாச்சு கட்டியிருக்கான்னு அடுத்தவனுக்குத் தெரியக் கூடாது, கட்டுனவனுக்கு மணி தெரிஞ்சாப் போதும். அப்புடி நெனச்சுத்தான் வாச்சுக்குப் படமே வரைஞ்சிருக்கான் சுவிட்சர்லாந்துக்காரன்."

எண்ணிப் பார்க்க எனக்கு விரல் போதவில்லை. ஐந்து வருஷத்தில் அவன் அந்த வீட்டில் பேசியதை எல்லாம் சேர்த்தாலும் இவ்வளவு தேறாது. வியர்க்கவும் இல்லை.

வாட்ச் கைமாறிக் கைமாறிச் சுற்றி வந்தது. அவன் கதை சொன்னான். அரபி வாலிபத்தில் பெய்ரூட்டுக்குப் போனபோது வாங்கியதாம். சுத்தத் தங்கம். பட்டையைக் கோக்கும் நாலு கொம்பும் தனியாக ஒட்டியதில்லை, ஒரே கட்டியிலிருந்து கடைந்து எடுத்தது. டயல் முதலில் பால் வெள்ளை. நாற்பது வருஷத்தில் தானாக மோர்க்குழம்பு நிறத்துக்கு வந்திருக்கிறது. எண்ணுக்குப் பதில் தங்கக் குச்சிகள், பன்னிரண்டு மணிக்கு மட்டும் இரட்டைக் குச்சி. பேட்டரி கிடையாது, தினமும் காலையில் சாவி கொடுக்க வேண்டும். உள்ளே இருக்கிற இயந்திரம் ஒரு ரூபாய் நாணய கனம்தான். "பெருசா செய்யறது லேசுண்ணே. இவ்வளவு ஒல்லியில பல்லுச் சக்கரம் எல்லாத்தையும் படுக்க வைக்கிறாம் பாருங்க, அதுக்குத்தான் அந்தக் கம்பெனிக்குப் பேரு." கம்பெனியின் பெயரையும் சொன்னான். நான் அதை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் இன்றைக்கும் எனக்கு இரண்டு டம்ளர் மோர் குடிக்க வேண்டிவரும்.

"நொடி முள்ளைக் காணோமே?" என்று கேட்டார் மாமனார்.

"எங்க அரபியும் அதைத்தான் மாமா வேடிக்கையாச் சொல்லுவாரு. நொடியை எண்ணுறவன் கூலிக்காரன், முதலாளிக்கு நிமிஷம் போதும்னு."

எல்லோரும் சிரித்தார்கள். அவன் பேச்சுக்கு! நான் என் கையைப் பார்த்தேன். ஸ்டீல் வாட்ச். அதில் சிவப்பு நிறத்தில் ஒரு நொடி முள், தாவித் தாவி ஓடிக்கொண்டிருந்தது. கையை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

அரபி ஹஜ்ஜுக்குப் போய்விட்டு வந்ததும் தங்கம் அணிவதை விட்டுவிட்டாராம். எங்கள் மார்க்கத்தில் ஆண்களுக்குத் தங்கம் ஆகாது; பெண்கள் மட்டும்தான் போடலாம். மகன்களுக்கோ இந்தச் சின்ன வாட்ச் பிடிக்கவில்லை. அதனால் பல வருஷம் வண்டி ஓட்டிய டிரைவருக்குக் கொடுத்துவிட்டார். சகலையும் கட்டுவதில்லை. சட்டைப் பையில், துணியில் சுற்றி, நெஞ்சுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திரிந்தான்.

கட்டியிருந்தால் கூட இவ்வளவு ஆபத்து வந்திருக்காது. கட்டிய வாட்சை யாரும் எடுத்துக் காட்டச் சொல்ல மாட்டார்கள். பையில் இருக்கிற வாட்சை ஊரே எடுத்துக் காட்டச் சொன்னது. டீக்கடையில் துணியைப் பிரிப்பான். கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கூட்டம் கூடும். நொடி முள் கதையைச் சொல்வான். நான் பக்கத்தில் நின்று மூன்று நல்ல ஜோக் சொன்னேன். ஒருவர் என் பக்கம் திரும்பி, "செத்த நேரம் சும்மாருங்க பாய், அவரு சொல்லட்டும்" என்றார்.

"பாலிஷ் போட்டா நல்லா மின்னும் தம்பி, குடு, நான் அரியலூர்ல ஆளு வச்சிருக்கேன்" என்று ஒருநாள் நைசாகக் கேட்டுப் பார்த்தேன்.

பதறிவிட்டான். "ஐயோ, பாலிஷ் போட்டா கொம்போட ஓரமெல்லாம் மழுங்கிடும்ணே. இதைச் செஞ்சவன் விட்ட கூர் அப்படியே இருக்கணும். கீறலு கூட அதோட வயசுதான்." வாட்சைக் கழற்றித் தரையில் துணி விரித்து, அதன் மேல் வைத்துத்தான் சாவி கொடுக்க வேண்டும், கையில் இருக்கும்போது கொடுத்தால் குமிழ் ஒரு பக்கமாகச் சாய்ந்து தேயும் என்று அதற்கும் ஒரு பாடம் நடத்தினான். என் கடையில் வயரிங் சாமான் வாங்க வரும் ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலைக்காரர் ஒருவர் கூட, ஒரு டியூப்லைட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, "உங்க சகலைகிட்ட ஒரு பழைய வாட்ச் இருக்காமே, ஒரு தடவை பார்க்கலாமா?" என்றார். என் கடையில் நின்றுகொண்டு! அன்றைக்கு அவருக்கு ஸ்டார்ட்டர் கொடுக்க மறந்துவிட்டேன். மறதிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட வீட்டில்தான் நிலைமை மோசம். ஒருநாள் சாப்பிடும்போது ஒரு நல்ல கமெண்ட் அடித்தேன். மனைவி என்னைப் பார்த்து, "ஆமா" என்றாள். ஜோக்குக்கு "ஆமா" என்று பதில் வந்தால் அந்தக் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். எனக்கு உள்ளங்கை வியர்த்தது. வியர்க்கிற நோய் சகலையிடமிருந்து என்னிடம் வந்துவிட்டது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அதுவரை என் மூளையில் உதித்தவற்றிலேயே தலைசிறந்த யோசனை என்று அதைத்தான் அப்போது நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து எல்லோரும் பள்ளிவாசல் முற்றத்தில் செருப்புத் தேடிக்கொண்டிருந்தார்கள். தொழ வைத்த ஹஜ்ரத் வெளியே வந்தார். சலாம் சொல்லிவிட்டுப் பணிவாகக் கேட்டேன்.

"ஹஜ்ரத், பொதுவா ஒரு சந்தேகம். ஆம்பளைங்க தங்க வாச்சு கட்டலாமுங்களா?"

"கூடாதுங்க. ஆம்பளைக்குத் தங்கம் ஹராமுன்னு சின்னப் புள்ளைக்கும் தெரியுமே."

"கட்டாம பையில வச்சுக்கிட்டு, கேக்குறவங்களுக்கெல்லாம் எடுத்து எடுத்துக் காட்டுனா?"

எல்லோர் கண்ணும் சகலையின் சட்டைப் பைக்குப் போனது. ஹஜ்ரத்தும் அங்கேதான் பார்த்தார்.

"வச்சிருக்கறது தப்பில்ல. ஆனா காட்டிக் காட்டிப் பெருமை வந்துடுச்சுன்னா அது வாச்சைவிடக் கனம். எதுக்கு அந்தச் சங்கடம்? வூட்டுல பொம்பளைங்க இருக்காங்கள்ல? அவுங்களுக்குத் தங்கம் ஆகும். அவுங்க கையில கட்டிவிட்டுடுங்க. பொருளும் பயன்படும்."

என் கணக்கு வேறு. வாட்ச் பீரோவுக்குள் போகும், பூட்டு விழும், சகலை பழையபடி ஊமையாவான் என்று போட்டு வைத்திருந்தேன். அந்தக் கடைசி வரி என் கணக்கிலேயே இல்லை. சகலை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என்னைக் கட்டிப் பிடித்தான்.

"அண்ணே! மனசுல ரொம்ப நாளா இருந்துச்சுண்ணே. ஹஜ்ரத்துகிட்ட கேக்க எனக்கு வாய் வரல. எனக்காக நீங்க கேட்டீங்க பாருங்க!"

கண் கலங்கிவிட்டது அவனுக்கு. எனக்கும் கலங்கியது, காரணம் வேறு.

அன்று மதியமே வாட்ச் என் கொழுந்தியாள் கைக்குப் போய்விட்டது. புதுத் தோல் பட்டை கூடப் போட்டுவிட்டான். ஆண்களுக்குச் சின்னதாக இருந்த அந்த வட்டம் அவள் மணிக்கட்டில் அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்தது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் சுவிட்சர்லாந்தில் உட்கார்ந்து படம் வரைந்தவன் லெப்பைக்குடிக்காட்டுக் கையை எப்படிப் பார்த்தான் என்று தெரியவில்லை. என் மனைவி தங்கச்சி கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நல்லாருக்குடி" என்றாள். அதைச் சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனவள் வெகுநேரம் வரவில்லை.

இனிமேல்தான் என் பீதி ஆரம்பம். வேண்டாத வாட்சை, ஜமாஅத் முழுக்கச் சாட்சியாக, ஹஜ்ரத் கையெழுத்தோடு, என் மனைவியின் கண்ணெதிரே கொண்டுவந்து மாட்டியவன் வேறு யாருமில்லை, நான்தான்.

அந்த விடுப்பில் குடும்பத்தோடு ரஞ்சன்குடி கோட்டைக்குப் போனோம். மேலே ஏறிப் பாதி வழியில் மாமனார், "லுஹர் தொழுகைக்கு நேரமாச்சா?" என்று கேட்டார். நான் கையைத் தூக்கி மணி பார்ப்பதற்குள் சகலை முந்திக்கொண்டான். தன் மனைவியின் பக்கம் போய், அவள் கையை எடுத்து, முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தான். வெயில் என்பதால் இன்னொரு கையால் நிழல் கட்டிப் பார்த்தான். நிதானமாகப் பார்த்தான். முள் இரண்டே இரண்டு. அதற்கு அவ்வளவு நேரம் எதற்கு? மாமியார் இருமினார். எங்கள் வீட்டில் பெரியவர்கள் முன்னால் பெண்டாட்டி கையைப் பிடிப்பது நடக்கிற காரியமில்லை.

"என்ன செய்யறது மாமி," என்றான் சகலை, கையை விடாமலே. "எனக்குத்தான் தங்கம் ஆகாதே. மணி பாக்கணும்னா இங்கதான் வரணும். ஹஜ்ரத்தே சொல்லிட்டாரு."

ஹஜ்ரத்துக்கு மேல் மாமியாரிடம் அப்பீல் இல்லை. அன்று கோட்டையில் இருந்து இறங்குவதற்குள் சகலை எத்தனை தடவை மணி பார்த்தான் என்று கேட்காதீர்கள். ரயில்வேக்காரன் கூட அவ்வளவு பார்க்க மாட்டான். என் மனைவி ஒரு கல்லில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்தது தங்கத்தை. அவள் பார்ப்பதும் அதைத்தான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

மறுநாளே அரியலூருக்குப் பஸ் ஏறினேன். கடைத்தெருவில் ஒரு வாட்ச் கடையில், இருப்பதிலேயே பெரிதாக, இருப்பதிலேயே மஞ்சளாக ஒன்றைக் கேட்டேன். சுற்றிலும் கல் பதித்தது, பட்டையும் மஞ்சள், நொடி முள்ளின் நுனியில் ஒரு பட்டாம்பூச்சி.

"லேடீஸ்ல இதுதான் சார் இப்ப ஓடுது" என்றார் கடைக்காரர்.

"தங்கச்சி முறை உள்ளவங்க பாத்தா வயிறு எரியுமா?"

"எரியும் சார்."

வீட்டுக்கு வந்து மனைவி கையில் கொடுத்தேன். பெட்டியைத் திறந்தாள். பட்டாம்பூச்சி சுற்றி வருவதை ஒரு முழு நிமிஷம் பார்த்தாள்.

"நல்லாருக்கு" என்றாள்.

மாலையில் அடுப்படிக்குப் போனேன். குக்கருக்கு மேலே ஒரு ஆணி. ஆணியில் அந்த வாட்ச். "விசில் கணக்கு மறந்து போகுது, இதைப் பாத்து எறக்கிடலாம்" என்றாள். ஆவி பட்டுப் பட்டு ஒரு வாரத்தில் மஞ்சள் போய்ப் பித்தளைக் கரண்டி மாதிரி ஆனது. பட்டாம்பூச்சி எட்டு மணிக்கும் ஒன்பது மணிக்கும் நடுவில் உதிர்ந்து கிடந்தது.

எனக்குத் தூக்கம் போனது. கடையில் ஒருவர் நாற்பது வாட் பல்பு கேட்டால் நூறு வாட் கொடுத்தேன். இவளுக்கு நிஜத் தங்கத்தில்தான் வேண்டும், அதற்கு நான் துபாய் போக வேண்டும், அங்கே ஒரு வயதான அரபி என்னை வேலைக்கு வைத்து, என் ஜோக்குக்குச் சிரித்து, வாட்சைக் கழற்றித் தர வேண்டும். எனக்கு அரபியும் தெரியாது, வண்டி ஓட்டவும் தெரியாது. பாஸ்போர்ட் ஆபீஸ் எங்கே இருக்கிறது என்று பக்கத்துக் கடையில் விசாரிக்கும் அளவுக்குப் போய்விட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "யாரோட சண்டை?" என்றார்.

இதற்குள் விடுப்பு முடிந்தது. சகலை கிளம்பும் அன்று அரியலூரில் சொந்தத்தில் ஒரு நிக்காஹ். விருந்து முடிந்து, அங்கிருந்தே சென்னைக்கு ரயில் ஏற்றிவிடுவதென்று ஏற்பாடு. எல்லோரும் ஸ்டேஷனுக்குப் போனோம். எனக்கு உள்ளுக்குள் ஒரு குதூகலம்; ஆள் போகிறான், மேடை எனக்குத் திரும்பக் கிடைக்கப் போகிறது. எதிர் லைனில் சிமெண்ட் ஏற்றிய கூட்ஸ் நின்றுகொண்டிருந்தது. பெஞ்ச், தூண், எங்கள் முடி எல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது.

"பாத்தீங்களா மாமா, தம்பி போற துக்கத்துல நாம எல்லாம் அஞ்சு நிமிஷத்துல கெழவனாயிட்டோம்" என்றேன். நல்ல ஜோக். மாமனார் கூடச் சிரித்தார். நான் மனைவியின் தோளைப் பார்த்தேன். அசையவில்லை. அவள் பிளாட்பாரத்தின் அந்தக் கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன்.

சகலை கொழுந்தியாள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். வாட்சுக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தான். கட்டை விரலும் ஆட்காட்டி விரலுமாக அந்தக் குமிழை மெதுவாக, மிக மெதுவாகத் திருகினான். ரயில் வருவதாக மணி அடித்தது. அவன் நிறுத்தவில்லை.

எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. வாட்சைக் கழற்றித்தான் சாவி கொடுக்க வேண்டும், கையில் இருக்கும்போது கொடுத்தால் குமிழ் தேய்ந்துவிடும் என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியவன் இவன். ஒரு கீறலுக்குப் பதறியவன். இப்போது அவன் கழற்றவில்லை. தேய்ந்தால் தேயட்டும் என்று நின்றான்.

ரயில் போன பிறகு கொழுந்தியாள் அக்காவின் தோளில் சாய்ந்து அழுதாள். "நீ குடுத்து வச்சவக்கா. தெனமும் வூட்டுக்கு வர்றாரு மச்சான்."

"ஆமா, வர்றாரு," என்றாள் என் மனைவி. "வந்து? சோத்தைத் தின்னுட்டு, ரெண்டு ஜோக்கு சொல்லிட்டுத் தூங்கிடுறாரு."

நான் இரண்டடி தூரத்தில்தான் நின்றேன். காது கேட்காதவன் போல சிமெண்ட் மூட்டைகளை எண்ணினேன்.

பெரம்பலூர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்ததும் கேட்டுவிட்டேன். "உனக்கு அந்த மாதிரி வாச்சு வேணுமா, சொல்லு. எப்படியாவது..."

"எனக்கு எதுக்குங்க வாச்சு?" என்றாள், ஜன்னல் பக்கம் பார்த்தபடி. சுண்ணாம்புக் கல் லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. புழுதி அடங்கும்வரை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு சொன்னாள். "அவரு தெனம் எத்தனை தடவை அவ கைக்கு வந்தாரு, பாத்தீங்களா? நம்ம வூட்டுல யாரு யார் கையைப் பாக்குறோம்? உங்களுக்கு உங்க கையிலயே மணி இருக்கு."

அவ்வளவுதான் சொன்னாள். இத்தனை நாளாக நான் தங்கத்தைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தேன். அவள் அவன் கை பிடிப்பதைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தாள். ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு, இரண்டுக்கும் வேறு வேறு விறகு. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த நிமிஷம் எனக்குச் சகலை மேல் பொறாமை குறையவில்லை, கூடியது. தங்கம் என்றால் கடையில் கிடைக்கும். இதை எந்தக் கடையில் கேட்பது?

மறுநாள் காலை கடைக்குக் கிளம்பும்போது என் ஸ்டீல் வாட்சைக் கழற்றி அவளிடம் நீட்டினேன்.

"என்ன, பேட்டரி தீந்துபோச்சா?"

"இல்ல. நீ கட்டிக்க."

"இது உங்க கை சைஸு."

"பரவால்ல."

சந்தேகத்தோடுதான் கட்டிக்கொண்டாள். கையைத் தூக்கினால் முழங்கைக்கும், தொங்கவிட்டால் விரலுக்கும் ஓடியது. அன்று கடையில் எனக்கு நேரமே தெரியவில்லை. வெயிலை வைத்துக் கணக்குப் போட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு ரொம்ப முன்னாலேயே வீட்டுக்குப் போய் நின்றேன். உலை கூடக் கொதிக்கவில்லை. "மணி பாக்க வந்தேன்" என்றேன். என்னை வாசலிலேயே நிறுத்திவைத்து ஒரு பார்வை பார்த்தாள். சிரிப்பில்லை. ஆனால் "ஆமா" என்றும் சொல்லவில்லை. கையை நீட்டினாள்.

அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாமனார் வீட்டில் விருந்து. கொழுந்தியாள் தங்க வாட்சைக் கட்டிக்கொண்டுதான் பரிமாறினாள். பார்த்தேன், நின்றுபோயிருந்தது.

"சாவி குடுத்தா ஓடும்ல? குடு, நான் குடுக்குறேன்" என்றார் மாமனார்.

"வேணாம்த்தா. அவரு வந்து குடுப்பாரு."

அவர் வர இரண்டு வருஷம் ஆகும். அதுவரை ஓடாத வாட்சைக் கட்டியிருப்பாள். என் வாட்ச் ஒரு நாளும் நிற்காமல் ஓடியும் வாங்காத மரியாதையை அது நின்றுகொண்டே வாங்குகிறது!

இனி பொறுக்க முடியாது என்று தோன்றியது. தட்டை வழித்துவிட்டு எழுந்து கை கழுவினேன். மாமனார், மாமியார், கொழுந்தியாள் எல்லோரும் பார்க்க, தண்ணீர்ச் செம்போடு நின்ற என் மனைவியிடம் போனேன். முழங்கைக்கு ஏறியிருந்த வாட்சை மணிக்கட்டுக்கு இறக்கி, கையைப் பிடித்து, முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தேன். வீட்டுக்குள் வெயில் இல்லை. இருந்தாலும் இன்னொரு கையால் நிழல் கட்டினேன். என் காது சூடாவது எனக்கே தெரிந்தது.

மாமியார் இருமினார். இருமல் முடிந்து கேட்டார்.

"ஏன் மாப்ள, உங்க வாச்சு ஸ்டீலுதானே? ஆம்பளைக்கு அது ஆகுமே! அதை ஹஜ்ரத்து தடுக்கலையே?"

பதில் தேடினேன். வாயால் மட்டுமே பிழைத்தவன் அந்த வீட்டின் நடுவில், பெண்டாட்டி கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை கிடைக்காமல் நின்றேன்.

என் கைக்குள் இருந்த கை ஆடத் தொடங்கியது. நிமிர்ந்து பார்த்தேன். ஒரு கையில் செம்பு, இன்னொரு கை என்னிடம். முந்தானையை எடுத்து வாயை அடைக்க அவளுக்குக் கை இல்லை. சத்தமாகவே சிரித்தாள். செம்புத் தண்ணீர் என் காலில் கொட்டியது. கொழுந்தியாள், அவன் ரயில் ஏறியதிலிருந்து சிரிக்காதவள், குழம்புச் சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"மணி எத்தனைன்னு சொல்லவே இல்லையே மச்சான்!" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

பார்த்தேன். என் மனைவியின் கை ஆடிய ஆட்டத்தில் சிவப்பு நொடி முள் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது.